ஞாயிறு மேட்ச், திங்கள் நொண்டல்: ஆட்டக் காயத்தைத் தடுப்பதும் தேற்றுவதும்

திங்கட்கிழமை காலையில் வடசென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, காலடிப்பேட்டை பக்கம் எந்த டீக்கடையில் நின்றாலும், ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டுச் சாய்ந்து நிற்கிற ஆள் ஒருத்தராவது இருப்பார். கேட்டால், "நேத்து மேட்ச்ல லேசா பிசகிடுச்சுண்ணா, ரெண்டு நாள்ல சரியாகிடும்" என்பார். இரண்டு நாளில் வலி குறையும்தான். அடுத்த ஞாயிறும் இறங்குவார், அதே கால் மறுபடியும் மடங்கும். நான் பிசியோதெரபி பார்ப்பவன், சாயங்காலமானால் பசங்களோடு கிரவுண்டில் நிற்பவன். என்னிடம் வருகிற காயங்களில் பெரும்பாலானவை யாரோ வந்து இடித்ததால் வந்தவை இல்லை. ஒன்று, உடம்பு தாங்குகிற அளவுக்கு மேல் ஆடியிருப்பார்கள். இல்லையென்றால் பழைய காயம் ஆறுவதற்குள் திரும்ப ஆட வந்திருப்பார்கள்.

முதலில் கணக்கு. நம்ம பக்கம் ஆடுகிறவர்களில் ஆட்டத்தை மட்டுமே பார்க்கிறவர்கள் குறைவு. ஒருத்தர் விடியற்காலையில் காசிமேட்டில் மீன் பெட்டி தூக்குகிறார், ஒருத்தர் துறைமுகத்தில் லோடு ஏற்றுகிறார், இன்னொருத்தர் நாள் முழுக்க பைக்கில் டெலிவரி. முட்டிக்கும் இடுப்புக்கும் இது பிழைப்பு, அது விளையாட்டு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது, எல்லாம் ஒரே சுமைதான். வாரம் முழுக்கத் தூக்கிவிட்டு ஞாயிறு ஒரே நாளில் மூன்று செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) மேட்ச் ஆடினால், மூன்றாவது மேட்சின் கடைசிப் பத்து நிமிடத்தில் தொடை பிடித்துக்கொள்வதில் ஆச்சரியமே இல்லை. ஆறு நாளும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு ஏழாம் நாள் அதே மூன்று மேட்ச் ஆடுகிறவருக்கு நிலைமை இன்னும் மோசம்.

தசை சில வாரங்களில் புதுச் சுமைக்குப் பழகிவிடும். தசையை எலும்போடு இணைக்கிற தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கு ஆகும். அதனால்தான் மூச்சு வாங்காமல் ஓட முடிகிற நிலை வந்த பிறகும் முட்டியும் அதற்குக் கீழே இருக்கும் கால் எலும்பும் வலிக்கின்றன. ஒரு மாதம் விட்டுவிட்டு மறுபடி தொடங்குகிறீர்களா? பழைய அளவில் பாதியில் ஆரம்பியுங்கள், வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஒரே வாரத்தில் நேரத்தையும் வேகத்தையும் சேர்த்துக் கூட்டாதீர்கள். பொங்கல் டோர்னமெண்டும் மே மாத டோர்னமெண்டும் எப்போது வரும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் பயிற்சி என்னவோ நோட்டீஸ் ஒட்டின பிறகுதான் தொடங்குகிறது. ஆறு வாரம் முன்னாலேயே தொடங்கிவிடுங்கள்.

அடுத்தது வார்ம்-அப். நான்கு பேர் வட்டமாக நின்று காலைப் பின்னால் மடக்கிப் பிடித்துக்கொண்டு கதை பேசுவது வார்ம்-அப் இல்லை. அப்படி நின்ற இடத்தில் நீட்டி இழுத்துப் பிடிப்பதை மேட்ச் முடிந்த பிறகு செய்துகொள்ளலாம். ஆட்டத்துக்கு முன்னால் உடம்பு சூடாக வேண்டும், கொஞ்சம் வியர்க்க வேண்டும். கால்பந்துக்காரர்களுக்கு ஃபிஃபாவே '11 பிளஸ்' என்று ஒரு வார்ம்-அப் வைத்திருக்கிறது. மொத்தம் 15 பயிற்சி, 20 நிமிடம். முதல் 8 நிமிடம் மெதுவான ஓட்டமும் இடுப்பைச் சுழற்றுவதும், நடுவில் 10 நிமிடம் வலுவுக்கும் பேலன்ஸுக்கும், கடைசி 2 நிமிடம் வேக ஓட்டமும் வெட்டித் திரும்புவதும். வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஒழுங்காகச் செய்கிற அணிகளில் காயம் கணிசமாகக் குறைந்ததை ஆராய்ச்சிகளிலேயே காட்டியிருக்கிறார்கள். பைசா செலவில்லை, மண் தரையிலேயே செய்யலாம். முட்டி குதித்து இறங்கும்போது உள்பக்கமாக மடங்காமல் பாதத்துக்கு நேராக நிற்கிறதா என்பதை மட்டும் பக்கத்தில் ஒருத்தர் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த 15இல் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்று அடம்பிடித்தால், நார்டிக்கைச் செய்யுங்கள். பின்தொடைத் தசை கிழிவதைச் சுமார் பாதிக்குப் பாதி குறைக்கிற பயிற்சி அது. ஒரு துண்டை மடித்து முட்டிக்குக் கீழே போட்டு மண்டியிடுங்கள். இன்னொருத்தர் பின்னால் உட்கார்ந்து உங்கள் இரண்டு கணுக்காலையும் தரையோடு அழுத்திப் பிடிக்கட்டும். தோளிலிருந்து முட்டி வரை ஒரே நேர்கோடாக வைத்துக்கொண்டு, இடுப்பை மடக்காமல், முடிந்த அளவு மெதுவாக முன்னால் சாயுங்கள். பின்தொடை இனிமேல் தாங்காது என்கிற இடத்தில் இரண்டு கையையும் ஊன்றி விழுந்துவிடலாம், அதில் தப்பில்லை. முதல் வாரம் ஐந்து தடவை போதும். அதற்கே மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படி இறங்கும்போது கெட்ட வார்த்தை வரும், ஆகவே மேட்சுக்கு முந்தின நாள் வேண்டாம். மூன்று நான்கு வாரத்தில் அந்த வலி வருவது நின்றுவிடும்.

சரி, கணுக்கால் மடங்கிவிட்டது. பெரும்பாலும் பாதம் உள்பக்கம் திரும்பி, வெளிப்பக்க ஜவ்வுதான் இழுபடும் அல்லது கிழியும். கேட்க வேண்டிய முதல் கேள்வி, எலும்பு உடைந்திருக்கிறதா என்பது. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட எளிய சோதனை ஒன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. அடிபட்ட உடனேயும் சரி, மருத்துவமனைக்குப் போன பிறகும் சரி, நொண்டியாவது நான்கு அடி வைக்க முடிகிறதா? கணுக்காலின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் பின் விளிம்பை விரலால் அழுத்தினால் வலி உயிர் போகிறதா? பாதத்தின் வெளிப்பக்க நடுவில், சுண்டு விரலுக்கு நேர் பின்னால் இருக்கும் மேட்டிலோ, உள்பக்கம் பாத வளைவுக்கு மேலே இருக்கும் எலும்பிலோ அழுத்தினால் வலிக்கிறதா? நான்கு அடி வைக்க முடியாவிட்டாலோ, இந்த இடங்களில் ஒன்றில் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். சின்னப் பசங்களுக்கு எலும்பு வளர்கிற இடம் மென்மையாக இருக்கும், அவர்கள் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை, சந்தேகம் என்றாலே எக்ஸ்ரே.

எக்ஸ்ரே எடுக்காமல் நேராகக் கட்டுப்போடப் போகாதீர்கள். புத்தூர் கட்டின் மேல் நம்ம பக்கம் இருக்கிற நம்பிக்கை எனக்குத் தெரியும், பாட்டி காலத்திலிருந்து வருகிறது, அதைப் பற்றிச் சண்டை போட வரவில்லை. ஆனால் உள்ளே என்ன உடைந்திருக்கிறது, எப்படி விலகியிருக்கிறது என்று படம் பார்க்காமல் இழுத்து வைத்துக் கட்டினால், கோணலாகச் சேர்ந்த எலும்பைப் பிறகு சரிசெய்வது பெரிய வேலை. அதே மாதிரி முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெய் போட்டு நீவி விடுவதும், சுளுக்கு எடுக்கிறேன் என்று வெடுக்கென்று இழுப்பதும் வேண்டவே வேண்டாம். உள்ளே ஏற்கெனவே ரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது, நீவினால் கூடுதலாகக் கசியும். வெந்நீர் ஒத்தடமும் அந்த நாட்களில் கூடாது.

ஐஸ் வைக்கலாமா? 1978இல் கேப் மிர்கின் என்கிற அமெரிக்க மருத்துவர் ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கின் ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்து 'ரைஸ்' என்று பெயர் வைத்தார். 2014இல் அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று மாற்றிச் சொன்னார். என் கருத்து: வலி தாங்க முடியாத முதல் நாளில் வலியைக் குறைக்க வையுங்கள், ஜவ்வு சேர்ந்துவிடும் என்று நினைத்து வைக்காதீர்கள். காசிமேட்டு ஆட்களுக்கு ஐஸுக்குப் பஞ்சமில்லை, ஆனால் ஐஸ் பாரிலிருந்து உடைத்த துண்டை அப்படியே தோல் மேல் வைத்து அழுத்தினால் தோல் வெந்த மாதிரி கொப்பளித்துவிடும். கவரில் போட்டு, ஈரத்துணி சுற்றி, 10 முதல் 15 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

கட்டு விஷயத்தில் கவனம். க்ரேப் பேண்டேஜை விரல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து மேலே சுற்றிக்கொண்டு போக வேண்டும், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி. விரல் நுனிகள் வெளியே தெரியட்டும். கட்டி முடித்ததும் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள், வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் சிவந்து வர வேண்டும். வராவிட்டாலும், விரல் மரத்தாலும், ஜில்லிட்டாலும், வலி குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போனாலும் கட்டை உடனே அவிழ்க்க வேண்டும். 2022 நவம்பரில் வியாசர்பாடிக் கால்பந்து வீராங்கனை ஒருத்தர், முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு போட்ட இறுக்கமான கட்டால் ரத்த ஓட்டம் நின்று, முதலில் காலையும் பிறகு உயிரையும் இழந்தார். அதற்குப் பிறகும் "கட்டு டைட்டா இருந்தாதான் நல்லது" என்று யாராவது சொல்வதைக் கேட்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. மருத்துவமனையில் போட்ட கட்டாக இருந்தாலும், மரத்துப்போகிறது, வலி ஏறுகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே நர்ஸைக் கூப்பிட்டு அவிழ்க்கச் சொல்லுங்கள்.

வலி மாத்திரைக்கு வருவோம். டைக்ளோஃபினாக் ஒன்று போட்டுக்கொண்டு இரண்டாவது பாதிக்கு இறங்குவது, ஃபைனலுக்கு முன்னால் ஊசி போட்டுக்கொள்வது, இது எல்லா அணியிலும் நடக்கிறது. வலி என்பது நிறுத்து என்கிற சேதி, அதை அடைத்துவிட்டு ஆடினால் பாதி கிழிந்தது முழுக்கக் கிழியும். மே மாத வெயிலில் தண்ணீர் வற்றிய உடம்போடு, அதுவும் வெறும் வயிற்றில் போட்டால் வயிறும் சிறுநீரகமும் கூடச் சேர்ந்து கெடும்.

எலும்பு உடையவில்லை என்று தெரிந்துவிட்டால் மூன்றாம் நாளிலிருந்து காலுக்கு வேலை கொடுக்க ஆரம்பிக்கலாம். படுத்தே கிடந்தால் மூட்டு இறுகும், கெண்டைச் சதை சூம்பும். உட்கார்ந்தபடி கட்டைவிரலால் காற்றில் அ, ஆ, இ என்று பன்னிரண்டு உயிரெழுத்தையும் எழுதுங்கள், 'ஈ'யும் 'ஐ'யும் கணுக்காலை எல்லாப் பக்கமும் திருப்பிவிடும். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாமல் நடங்கள். மறுநாள் காலையில் வீக்கமோ வலியோ முந்தின நாளைவிடக் கூடியிருந்தால் ஒரு படி இறங்கிக்கொள்ளுங்கள், கூடவில்லை என்றால் ஒரு படி ஏறுங்கள். அப்புறம் சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது, முதலில் இரண்டு காலில், பிறகு ஒற்றைக் காலில். பல் தேய்க்கிற நேரம் முழுக்க அடிபட்ட காலில் மட்டும் நில்லுங்கள். அது சுலபமானதும் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். இந்த நிற்கிற பயிற்சியைத்தான் எல்லோரும் கிண்டலடித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள், மறுபடி மடங்குவதும் அவர்களுக்குத்தான். கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கிற நரம்புகளும் ஜவ்வோடு சேர்ந்துதான் அடிபட்டிருக்கின்றன, அவற்றுக்கும் பயிற்சி வேண்டும்.

எப்போது ஆடலாம்? காலண்டரைப் பார்க்காதீர்கள், காலைச் சோதியுங்கள். ஒற்றைக் காலில் 20, 25 தடவை குதிகால் தூக்க நல்ல காலுக்குச் சமமாக முடிகிறதா, ஒற்றைக் காலில் முன்னாலும் பக்கவாட்டிலும் பயமில்லாமல் குதித்து இறங்க முடிகிறதா, முழு வேகத்தில் ஓடி வெட்டித் திரும்ப முடிகிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் முதலில் முழுப் பயிற்சி, அடுத்து பாதி மேட்ச். ஏற்கெனவே மடங்கின காலுக்குச் சில மாதம் ஆங்கிள் சப்போர்ட் போட்டு ஆடுவது நல்ல பழக்கம். டர்ஃபில் (செயற்கைப் புல் தரையில்) நீளமான ஸ்டட்ஸ் போட்டு ஆடாதீர்கள், பாதம் சிக்கிக்கொண்டு முட்டி மட்டும் திரும்பும்.

முட்டியில் 'டப்' என்று ஒரு சத்தம், இரண்டு மணி நேரத்துக்குள் பந்து மாதிரி வீக்கம், திரும்பும்போது முட்டி நழுவுகிற உணர்வு. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் என்கிற ஜவ்வு கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம், எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை, ஆனால் வெட்டித் திரும்பும் ஆட்டத்துக்குத் திரும்ப நினைக்கிறவர்களில் பலருக்குத் தேவைப்படும். செய்துகொண்டால் குறைந்தது ஒன்பது மாதம் ஆட்டம் கிடையாது. ஆறாம் மாதம் நன்றாகத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து, அந்த நேரத்தில் இறங்கி மறுபடி கிழித்துக்கொண்டவர்கள் ஏராளம்.

குதித்துக் குதித்து ஆடுகிற வாலிபால், கபடிக்காரர்களுக்கு முட்டிச் சில்லுக்குக் கீழே வலி வரும். குதிகாலுக்கு மேலே நாண் தடித்து வலிப்பது ஓடுகிறவர்களுக்கு வரும். இரண்டுக்கும் ஓய்வு மட்டும் மருந்தில்லை, மெதுவான கனமான வேலைதான் மருந்து. ஸ்வீடன் எலும்பு மருத்துவர் ஹாகன் ஆல்ஃபிரட்சனுக்கே குதிகால் நாண் வலி இருந்தது. மேலதிகாரி அறுவை சிகிச்சை செய்ய மறுத்ததால், நாண் அறுந்தாவது போகட்டும் என்று அதன் மேல் பாரத்தை ஏற்றிக்கொண்டே போனாராம், அது குணமாகிவிட்டது. 1998இல் அதை ஆய்வாகவும் வெளியிட்டார். செய்முறை இதுதான்: மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, இரண்டு காலால் எம்பி, வலிக்கிற ஒற்றைக் காலால் மட்டும் மெதுவாகக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். முட்டியை நீட்டி 15 வீதம் மூன்று முறை, லேசாக மடக்கி அதே மாதிரி மூன்று முறை. தினம் இரண்டு வேளை, 12 வாரம். முதல் இரண்டு வாரம் கொஞ்சம் வலிக்கும், அதைப் பார்த்துப் பயந்து விடாதீர்கள்.

போலீஸ் தேர்வுக்குத் தயாராகிற பசங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். எழுத்துத் தேர்வு முடிகிற வரை ஒரு அடி ஓடாமல் இருந்துவிட்டு, ரிசல்ட் வந்ததும் 1,500 மீட்டருக்காகத் தினம் இரண்டு வேளை சிமெண்ட் ரோட்டில் ஓடுகிறார்கள். மூன்றாவது வாரம் முட்டிக்குக் கீழே கால் எலும்பின் உள்பக்க ஓரம் முழுக்க வலி. விளிம்பு நெடுக ஒரு சாண் அளவுக்குப் பரவி வலித்தால் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, மண் தரைக்கு மாறி, கெண்டைச் சதைக்கு வலுப் பயிற்சி செய்தால் சரியாகும். ஒரே ஒரு புள்ளியில், விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் குத்துகிற மாதிரி வலித்தால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் ஹேர்லைன் விரிசலாக இருக்கலாம். அப்போது ஓட்டம் அன்றைக்கே நிற்க வேண்டும். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும், "ஒண்ணும் இல்ல" என்று ரிப்போர்ட் வந்தது என்பதற்காக மறுநாளே ஓடிவிடாதீர்கள். எழுத்துத் தேர்வுக்குப் படிக்கும்போதே வாரம் மூன்று நாள் அரை மணி நேரம் ஓடி வைத்தால் இந்தப் பிரச்சினையே வராது.

வேகப்பந்து போடுகிறவர்களின் இடுப்புப் பக்கத்து முதுகெலும்பிலும் இதே விரிசல் வரும். பும்ராவுக்கு 2019இல் முதுகில் வந்தது, 2022இல் மறுபடியும் முதுகுக் காயம், 2023இல் நியூஸிலாந்து போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பக்கத்தில் பிசியோவும் டிரெயினரும் இருக்கிற அவருக்கே அப்படி. பதினைந்து பதினாறு வயசுப் பையனை ஒரே ஞாயிறில் மூன்று டீமுக்குப் பந்து போட அனுப்புகிற கேப்டன்கள் இதை யோசிக்க வேண்டும். பின்னால் வளைந்தால் இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது என்று அவன் சொன்னால் பந்தை வாங்கி வைத்துவிட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள்.

குத்துச்சண்டைக்காரர்களுக்கு: மணிக்கட்டை மூன்று சுற்றாவது சுற்றாமல் பேகில் குத்தாதீர்கள், குத்து ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளில் விழட்டும். சுண்டு விரல் முட்டியில் விழுந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் எலும்பு உடையும், முட்டி உள்ளே அமுங்கியதிலேயே தெரிந்துவிடும். கட்டைவிரலை விரித்தால் அடியில் ஒரு பள்ளம் விழும் இல்லையா, கீழே கையூன்றி விழுந்த பிறகு அந்தப் பள்ளத்தில் வலித்தால் மணிக்கட்டில் இருக்கும் ஸ்கேஃபாய்டு எலும்பைச் சந்தேகப்படுங்கள். இதுவும் முதல் படத்தில் ஒளிந்துகொள்ளும், கட்டுப் போட்டு வைத்து 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுக்கச் சொல்வார்கள், அலுத்துக்கொள்ளாமல் போங்கள். தலையில் அடி வாங்கித் தடுமாறினவர் அன்றைக்கு மறுபடி கிளவுஸ் போடக் கூடாது. நாக்-அவுட் ஆனவருக்குக் குறைந்தது 30 நாள் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) கிடையாது. வாந்தி, ஏறிக்கொண்டே போகிற தலைவலி, எழுப்பினால் எழாத தூக்கம் இவற்றில் எது வந்தாலும் 108தான்.

கேரம் ஆடுகிறவர்கள் சிரிக்க வேண்டாம். 2024 உலகக் கோப்பையில் தங்கம் வென்ற பெண் நம்ம வண்ணாரப்பேட்டைப் பக்கம், எத்தனை மணி நேரப் பயிற்சி அதற்குப் பின்னால் இருக்கும் என்று பாருங்கள். மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம் வலித்தால் நாண் உறை வீங்கியிருக்கும், கொஞ்ச நாள் ஆட்டத்தைக் குறைக்க வேண்டும். போர்டு மேல் குனிந்தே கிடக்காமல், ஒரு போர்டு முடிந்ததும் எழுந்து கழுத்தையும் தோளையும் அசைத்துவிட்டு வாருங்கள்.

எங்கே போவது? கை, விரல் என்றால் யோசிக்காமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. அங்கே இருக்கிற கை அறுவை சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது. கால், முட்டிக்கும் அங்கேயோ சென்ட்ரல் பக்கத்து ஜிஹெச்சிலோ எலும்புப் பிரிவு இருக்கிறது. ஓபி காலையில்தான், சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்குங்கள். முட்டிக் காயத்துக்கு ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போகாதீர்கள், டிராக் பேண்ட்டோ லுங்கியோ வசதி. பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள். அறுவை சிகிச்சை என்று சொன்னால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருமா என்று அங்கேயே கவுண்டரில் கேளுங்கள். மருத்துவர் மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தால், "பிசியோவுக்கும் எழுதிக் கொடுங்க சார்" என்று வாய் திறந்து கேட்டுவிட்டு வாருங்கள்.